மஞ்சள் ராஸுக்கு ஒரு படுக்கை: கடல்நீர்த் தொட்டியில் அடிமணலை மாற்றிய நிகழ்வு ஆய்வு

விளக்கு அணையக் கால் மணி நேரம் இருக்கும்போதே அந்த மஞ்சள் ராஸ் மீன் பரபரக்கத் தொடங்கும். தொட்டியின் இடது மூலைக்குப் போகும், தலையைச் சாய்க்கும், தரையை நோக்கிப் பாயும். மணலுக்குள் மறைய வேண்டிய மீன் முட்டிக்கொண்டு மேலே வரும். இன்னொரு இடத்தில் பாயும், மறுபடியும் முட்டும். ஐந்தாறு தடவைக்குப் பிறகு ஒரு பாறை இடுக்கில் ஒண்டிக்கொள்ளும். இதைப் பல மாதங்கள் பார்த்துக்கொண்டே இருந்தேன். அதன் சுபாவமே அப்படித்தான் என்று நினைத்துக்கொண்டேன்.

தொட்டி 90 செ.மீ. நீளம், 45 அகலம், 45 உயரம். கணக்குக்கு 182 லிட்டர். பாறையும் மணலும் போக உண்மையில் ஓடும் நீர் அதைவிடக் குறைவு. கீழே ஒரு சம்ப் (துணைத்தொட்டி), கழிவை நுரையாகப் பிரித்தெடுக்கும் ஒரு ஸ்கிம்மர், மேலே எதிரெதிர்ப் பக்கங்களில் நீரோட்டம் உண்டாக்கும் இரண்டு வேவ்மேக்கர்கள். நீரின் ஒப்படர்த்தி 1.025, வெப்பநிலை 25 முதல் 26 டிகிரி. குடியிருப்போர் ஒரு ஜோடி கோமாளி மீன், ஒரு மஞ்சள் வாட்ச்மேன் கோபி மீன், அதனோடு கூட்டுக்குடித்தனம் நடத்தும் ஒரு பிஸ்டல் இறால், இந்த ராஸ், அப்புறம் கொஞ்சம் சோஆந்தஸ் (பூப்போன்ற பவள உறவினம்), மென்பவளங்கள், ஒரு ஹேமர் பவளம். பிரச்சினை முற்றியபோது தொட்டிக்கு வயது 14 மாதம்.

அடியில் கிரஷ்டு கோரல், அதாவது நொறுக்கிய பவளத் துண்டுகள், 3 முதல் 5 மி.மீ. பருமனில் 5 செ.மீ. உயரத்துக்குப் போட்டிருந்தேன். ஏன் அதைத் தேர்ந்தெடுத்தேன் என்று இப்போது யோசித்தால் உருப்படியான காரணம் ஒன்றுகூட அகப்படவில்லை. பார்க்க இயற்கையாக இருந்தது. பாக்கெட்டில் ‘பிஹெச் நிலைநிறுத்தும்’ என்று போட்டிருந்தது. வேவ்மேக்கர் நீரோட்டத்தில் மணல் பறக்காது என்று யாரோ சொன்னார்கள். இந்த மூன்றில் கடைசி ஒன்று மட்டும் உண்மை.

தவறான நோய்க்கணிப்பு

முதலில் என்னை உசுப்பியது ராஸ் அல்ல, கழிவு மக்கி நீரில் சேரும் நைட்ரேட். ஓர் ஆண்டு வரை 10 பிபிஎம் (பத்து லட்சத்துக்கு இத்தனை பங்கு) பக்கத்தில் நின்றது. பிறகு 20, 30, அடுத்து டெஸ்ட் கிட்டின் நிறம் 40-ஐத் தாண்டியது. உணவின் அளவை நான் மாற்றவில்லை, மீன்களின் எண்ணிக்கையும் கூடவில்லை. வாரம் 10 சதவீதம் தண்ணீர் மாற்றினாலும் இரண்டே நாளில் பழைய எண்ணுக்கு வந்து நின்றது. ஸ்கிம்மர் சரியில்லை என்று முடிவு கட்டி அதைக் கழற்றிக் கழுவினேன். ஒரு பயனும் இல்லை.

அதே வாரங்களில் ராஸின் தாடையின் கீழ் ஒரு சிவந்த கீறல் தெரிந்தது. பக்கவாட்டிலும் செதில் பெயர்ந்திருந்தது. தரையில் உரசும் மீனைப் பார்த்தால் எல்லோருக்கும் தோன்றுவதுதான் எனக்கும் தோன்றியது: ஒட்டுண்ணி. வெண்புள்ளி நோய் வந்த மீன்கள் உடலை அரித்துக்கொள்ளப் பாறையிலும் மணலிலும் இப்படித்தான் உரசும். மீனைப் பிடித்து குவாரண்டைன் தொட்டிக்கு மாற்றி, காப்பர் மருந்தையும் எடுத்து வைத்தேன். நல்லவேளையாக, ஊற்றுவதற்கு முன் இரண்டு நாள் பார்ப்போம் என்று நிறுத்திக்கொண்டேன். உடலில் ஒரு புள்ளிகூட இல்லை, மூச்சு வேகமாக இல்லை, நன்றாகச் சாப்பிட்டது. ஒட்டுண்ணி பிடித்த மீன் இப்படி இருக்காது.

குவாரண்டைன் தொட்டியின் அடி வெறும் கண்ணாடி. முதல் இரவு அந்த மீன் கண்ணாடி ஓரமாக மேலும் கீழும் அலைந்தது. இந்த மஞ்சள் ராஸ் சேர்ந்த ஹாலிகோரெஸ் பேரினத்து ராஸ்களுக்கு இரவில் புதைந்து தூங்க மணல் வேண்டும். அதனால் மருத்துவத் தொட்டியில்கூட ஒரு கிண்ணம் மணல் வைப்பது பழக்கம். அதைப் படித்திருந்தும் செய்யவில்லை. மறுநாள் மாலை ஓர் ஆழமான கண்ணாடிக் கிண்ணத்தில் 6 செ.மீ. உயரத்துக்கு, அரை மி.மீ. பருமனுள்ள சிலிக்கா மணலைப் போட்டு வைத்தேன். சிலிக்காவைத் தேர்ந்தெடுத்ததற்கு ஒரு காரணம் உண்டு. காப்பர் போட நேர்ந்தால் சுண்ணாம்பு மணல் அந்த மருந்தை உறிஞ்சிக்கொள்ளும், தண்ணீரில் மருந்தளவு நிற்காது. சிலிக்கா அப்படிச் செய்யாது.

விளக்கை அணைத்தேன். மீன் ஒரே பாய்ச்சலில் கிண்ணத்துக்குள் போய் மறைந்தது. அரை விநாடிகூட ஆகியிருக்காது. காலையில் விளக்குப் போட்டதும் மணலிலிருந்து மஞ்சள் தலை ஒன்று எட்டிப் பார்த்தது. பத்து நாளில் தாடைக் காயம் மருந்தே இல்லாமல் ஆறிவிட்டது.

ஆக, நோய் மீனில் இல்லை, தரையில் இருந்தது. அது உரசவில்லை, படுக்கப் பார்த்திருக்கிறது. பதினான்கு மாதம் ஒவ்வோர் இரவும் அந்த மீனை ஜல்லிக்குவியலில் தலைகீழாகக் குதிக்க வைத்திருக்கிறேன்.

ஜல்லியைக் கிளறியபோது

தாடைக்காயத்துக்குக் காரணம் தெரிந்தது. நைட்ரேட்டுக்கு? தரைமேல் சந்தேகம் வந்துவிட்டதால் அங்கேயே தேடினேன். தண்ணீர் மாற்றும் நாளில், நீரோடு கழிவையும் உறிஞ்சி வெளியேற்றும் சைஃபன் குழாயை மூன்று இடத்தில் அடிவரை நுழைத்தேன்: வேவ்மேக்கருக்கு நேர் எதிரே, முன்பக்க நடுவில், பாறைக்குப் பின்னால். முதல் இடத்தில் வந்த நீர் கொஞ்சம் கலங்கல். நடுவில் பழுப்பு. பாறைக்குப் பின்னால் வந்ததைக் காபி என்றே சொல்லலாம். வாளியில் தெளியவிட்டபோது அடியில் ஒரு விரற்கடை உயரத்துக்குச் சேறு படிந்தது.

நுண்ணுயிர்களைக் கலைத்துவிடக்கூடாது என்று பயந்து அதுவரை தரையை நான் தொட்டதே இல்லை. மெல்லிய மணல் என்றால் அந்தப் பயத்தில் ஓரளவு நியாயம் இருந்திருக்கும். 3 மி.மீ.க்கு மேற்பட்ட துண்டுகளில் கதையே வேறு. துண்டுகளுக்கு நடுவே உள்ள இடைவெளி பெரிது. மீன் கழிவும் மிச்ச உணவும் நேராக உள்ளே இறங்கிவிடும். வெளியே வர வழியில்லை, ஏனென்றால் அந்த ஆழத்துக்கு நீரோட்டம் போவதில்லை. மணலைக் கிளறும் நத்தைகளுக்கும் புழுக்களுக்கும் இந்தத் துண்டுகள் பாறாங்கல் மாதிரி, அவை நுழைவதில்லை. கழிவு அங்கேயே மக்கி அம்மோனியாவாகிறது, அம்மோனியா நைட்ரைட்டாகிறது, நைட்ரைட் நைட்ரேட்டாகிறது. நைட்ரேட்டை நைட்ரஜன் வாயுவாக்கி வெளியேற்றும் நுண்ணுயிர்களுக்கோ ஆக்ஸிஜன் மிகக் குறைந்த இடம் வேண்டும். 5 செ.மீ. கரடுமுரடான துண்டுகளுக்குள் அப்படிப்பட்ட இடம் சரியாக அமைவதில்லை. கடைசியில் அது நைட்ரேட் தயாரிக்க மட்டும் தெரிந்த இயந்திரமாகிவிடுகிறது.

சொல்லித்தான் ஆக வேண்டிய ஒன்று: இதில் துண்டின் பருமன் எவ்வளவு குற்றவாளி, தரையைச் சுத்தம் செய்யாத நான் எவ்வளவு குற்றவாளி என்று பிரித்துச் சொல்ல இந்த ஒரு தொட்டியை வைத்து முடியாது. அதே கிரஷ்டு கோரலை வாராவாரம் சைஃபன் செய்து நன்றாக வைத்திருப்பவர்கள் உண்டு. ஆனால் அவர்களிடமும் ராஸ் புதைந்து தூங்காது.

என்னென்ன வாய்ப்புகள்

மணலே வேண்டாம், வெறுங்கண்ணாடி. கழிவு சேராது, எவ்வளவு வேகமான நீரோட்டமும் வைக்கலாம், கல்பவளம் மட்டும் வளர்ப்பவர்கள் பலரும் விரும்புவது இதைத்தான். என் தொட்டியில் மணலில் தூங்கும் ஒரு மீனும் மணலில் வளை தோண்டும் ஓர் இறாலும் இருப்பதால் இதை ஒரு நிமிடத்தில் ஒதுக்கிவிட்டேன்.

ஆழ்மணல், 10 முதல் 15 செ.மீ. வரை. ஒரு காலத்தில் இதன்மேல் எனக்கு ஆசை இருந்தது. பிரெஞ்சு ஆய்வாளர் ழான் ஜோபேர் மொனாக்கோவில் செய்துகாட்டிய முறை இதற்கு நெருங்கிய உறவு. அவர் மணலுக்கு அடியில் பிளீனம் என்ற வெற்று நீரறை ஒன்றையும் விட்டார். மேலடுக்கில் ஆக்ஸிஜன், கீழே போகப்போக அது குறைந்து இல்லாமலாகும். அங்கே நைட்ரேட் உடைக்கப்படும். கருத்தில் குறையில்லை. ஆனால் கணக்குப் போட்டுப் பார்த்தேன்: 90 × 45 × 12 செ.மீ. என்றால் 48.6 லிட்டர் மணல். உலர்ந்த சுண்ணாம்பு மணல் லிட்டருக்கு ஏறக்குறைய ஒன்றரை கிலோ, ஆகவே 73 கிலோ. 45 செ.மீ. உயரமே உள்ள தொட்டியில் கால்பங்குக்கு மேல் மணலே நிற்கும். அதோடு, ஆழ்மணலின் அடியில் ஆக்ஸிஜன் முற்றிலும் தீர்ந்த இடத்தில் ஹைட்ரஜன் சல்ஃபைடு உண்டாகும். கண்ணாடி ஓரத்தில் கறுப்புத் திட்டாகத் தெரிவது இரும்பு சல்ஃபைடு. கிளறினால் அழுகிய முட்டை நாற்றம். கலைக்காமல் வைத்தால் பெரும்பாலும் ஆபத்தில்லை. ஆனால் என் தொட்டியில் இருப்பதோ 24 மணி நேரமும் சுரங்கம் தோண்டும் ஓர் இறால்!

சிலிக்கா மணல். இதைப் போட்டால் பழுப்புப் பாசி, அதாவது டயாட்டம், ஓயாமல் வரும் என்பார்கள். சிலிக்கா மணலின் பொருளான குவார்ட்ஸ் கடல்நீரில் கரையும் வேகம் மிக மிகக் குறைவு. டயாட்டத்துக்குத் தீனி போடுமளவு அதிலிருந்து வருவதில்லை என்பது என் கருத்து. புதுத்தொட்டியில் டயாட்டம் வருவதற்கு வடிகட்டாத குழாய் நீரிலுள்ள சிலிக்கேட்டைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும். ஆனாலும் சிலிக்காவை நான் எடுக்கவில்லை. கட்டுமான மணலில் இரும்புத்தாதுத் துகளும் கூர்முனைகளும் கலந்திருக்கலாம். தூங்கும் மீனின் வயிறு தினமும் உரசப்போகும் இடத்தில் உருண்டை மணிகள் இருந்தால் நல்லது.

மிச்சம் அரகோனைட். கால்சியம் கார்பனேட்டின் ஒரு படிக வடிவம். பவளங்களின் எலும்புக்கூடும் பெரும்பாலும் இதேதான். இங்கே அந்த ‘பிஹெச் நிலைநிறுத்தும்’ என்ற வாசகத்தைப் பற்றிக் கொஞ்சம் பேச வேண்டும், ஏனென்றால் மணல் வாங்கும் எல்லோரும் முதலில் பார்ப்பது அதைத்தான். நல்ல நிலையிலுள்ள தொட்டியில் பிஹெச் 8.1, 8.2 என்றிருக்கும். அந்த நிலையில் கடல்நீர் கால்சியம் கார்பனேட்டை ஏற்கெனவே நிறைவுக்கு மேல் சுமந்துகொண்டிருக்கிறது. கரைய இடமே இல்லாதபோது மணல் எப்படிக் கரைந்து பிஹெச்சை நிறுத்தும்? பிஹெச் 7.7 பக்கம் இறங்கினால்தான் அரகோனைட் கரையத் தொடங்கும், அந்த நிலைக்குத் தொட்டி போய்விட்டால் நமக்கு வேறு பெரிய கவலைகள் இருக்கும். கால்சியம் ரியாக்டர் வைத்திருப்பவர்கள் இதே பொருளைக் கரைக்க கார்பன் டையாக்சைடு செலுத்தி பிஹெச்சை 6.5 வரை இறக்குகிறார்கள் என்பதை நினைத்துப் பார்த்தால் போதும். மணலின் ஆழத்தில், நுண்ணுயிர்கள் மூச்சுவிடும் இடங்களில், கொஞ்சம் கரைவது உண்மைதான். ஆனால் பவளங்களின் பசிக்கு அது ஒரு மூலைக்கும் வராது. அரகோனைட்டை நான் தேர்ந்தெடுத்தது வேதியியலுக்காக இல்லை. உருண்டையான மணிகளாக, நான் கேட்ட பருமன்களில் கிடைத்தது, வெள்ளையாக இருந்தது, அவ்வளவுதான்.

பருமன்தான் உண்மையான கேள்வி. ‘சுகர் சைஸ்’ எனப்படும், 1 மி.மீ.க்கும் குறைந்த பொடிமணலா, கடுகளவான 1 முதல் 2 மி.மீ. மணலா?

மூன்று கிண்ணங்கள்

யாரிடம் கேட்டாலும் அவரவர் தொட்டியைச் சொல்கிறார்கள். என் தொட்டியிலேயே கேட்டுவிடலாம் என்று, குவாரண்டைனில் பலித்த அதே கிண்ண உத்தியைப் பெரிய தொட்டியில் செய்தேன். ராஸைத் திரும்ப விட்டு, ஒரே மாதிரியான மூன்று கண்ணாடிக் கிண்ணங்களில் 6 செ.மீ. மணல் நிரப்பி வைத்தேன். ஒன்றில் பொடிமணல், ஒன்றில் 1–2 மி.மீ., ஒன்றில் இரண்டும் பாதிப்பாதி. தினம் ஒன்றாக இடம் மாற்றி, ஒவ்வொன்றையும் வேவ்மேக்கருக்கு எதிரே, நடுவில், இடது பின்மூலையில் என்று வைத்துப் பார்த்தேன்.

வேவ்மேக்கருக்கு எதிரே பொடிமணல் ஒரு மணி நேரம் தாங்கவில்லை. கிண்ணத்தில் பள்ளம் விழுந்து, ஹேமர் பவளத்தின் மேல் மணல் தூவப்பட்டிருந்தது. பவளத்தின் சதைமேல் மணல் தங்கினால் அந்த இடம் அழுகிப்போகலாம், ஆகவே கிண்ணத்தை உடனே எடுத்துவிட்டேன். கலவைக்கும் அதே கதிதான், கொஞ்சம் தாமதமாக: பொடி பறந்து, பெரிய மணிகள் மட்டும் மேலே மிஞ்சின. 1–2 மி.மீ. மணலில் விளிம்பு மட்டும் நகர்ந்தது, குவியல் நின்றது.

ராஸ் என்ன சொன்னது? பின்மூலையில் எந்தக் கிண்ணம் இருந்தாலும் அதில் புதைந்தது. வேவ்மேக்கருக்கு எதிரே எது இருந்தாலும் கண்டுகொள்ளவில்லை. அதாவது அதற்கு மணியின் பருமனைவிட இடத்தின் அமைதி முக்கியம், 2 மி.மீ. வரை அதற்கு ஆட்சேபணை இல்லை. இது ஒரு மீனின் சாட்சி மட்டுமே. மணலை வாய்நிறைய அள்ளி செவுள் வழியாகச் சலித்துத் துப்பும் டைமண்ட் கோபி போன்ற மீன் இருந்திருந்தால் நான் பொடிமணலுக்குத்தான் போயிருக்க வேண்டும், வேவ்மேக்கரைக் குறைத்தாவது.

முடிவு இப்படி அமைந்தது. தொட்டி முழுக்க 1–2 மி.மீ. அரகோனைட். இடது பின்மூலையில் ஏறக்குறைய 30 × 30 செ.மீ. பரப்பில் 6 செ.மீ. ஆழம், அது ராஸின் படுக்கையறை. மற்ற இடங்களில் 3 செ.மீ. மட்டும், சைஃபன் குழாய் எளிதாக அடிவரை போகுமளவு. பிஸ்டல் இறாலின் வாசலில் ஒரு கைப்பிடி சிப்பித்துண்டும் பவள நொறுக்கும், ஏனென்றால் ஒரே பருமனான மணலில் வளைக்குக் கூரை நிற்காது. பெரிய துண்டுகளைத் தூண்போல முட்டுக்கொடுத்துத்தான் அது கட்டும். அடிப்பரப்பு 4,050 சதுர செ.மீ., பாறை பிடித்த இடம் சுமார் 1,000 போக 3,050. படுக்கையறை 900 × 6 = 5.4 லிட்டர். மிச்சம் 2,150 × 3 = 6.45 லிட்டர். மொத்தம் 12 லிட்டருக்குச் சற்றுக் குறைவு, அதாவது 18 கிலோ. 20 கிலோ வாங்கினேன்.

‘லைவ் சாண்ட்’ என்று ஈரத்தோடு பையில் வருவதை வாங்கவில்லை. 14 மாதம் ஓடிய தொட்டியின் பாறையிலேயே தேவையான நுண்ணுயிர்கள் இருக்கின்றன. உலர்மணலில் அவை தாமாகக் குடியேறும். புதுத்தொட்டி தொடங்குபவருக்கு அந்தப் பை கொஞ்சம் உதவலாம்.

வந்த மணலில் ஒரு சிட்டிகை எடுத்து வினிகர் விட்டேன், நுரைத்தது, சுண்ணாம்புதான். காந்தத்தைத் துணியில் சுற்றித் துழாவினேன், எதுவும் ஒட்டவில்லை. பிறகு கழுவல். வாளியில் கால்பங்கு மணல், மேலே நீர், கையால் அலசி ஊற்று, மறுபடி. பன்னிரண்டு தடவைக்குப் பிறகுதான் நீர் பால்நிறம் விட்டது. கடைசி அலசல் ஆர்ஓ நீரில்.

மாற்றிய விதம், நடந்த பிசகுகள்

தரையை நான்கு பகுதிகளாகப் பிரித்து, பகுதிக்கு இடையே பத்து முதல் பன்னிரண்டு நாள் விடுவதென்று திட்டம். ஒரே நாளில் எல்லாவற்றையும் அள்ளினால் தேங்கிய கழிவு முழுவதும் நீரில் கலக்கும், தரையிலிருந்த நுண்ணுயிர்க் கூட்டமும் ஒரேயடியாகப் போகும். வேலை நடக்கும்போது வேவ்மேக்கர் நிறுத்தம். பகுதியைச் சுற்றி ஒரு பிளாஸ்டிக் தட்டியை நட்டு, உள்ளே பழைய துண்டுகளைக் கிண்ணத்தால் மெதுவாக அள்ளி, பக்கத்திலேயே சைஃபனை ஓடவிட்டேன். அன்றைய தண்ணீர் மாற்றமும் அதிலேயே முடிந்துவிடும். புதுமணலை மேலேயிருந்து கொட்டவில்லை. ஒரு பிவிசி குழாயை அடிவரை நிறுத்தி, புனல் வைத்து, அதன் வழியாக இறக்கினேன். கலங்கல் இருந்தது, ஆனால் மறுநாள் காலைக்குள் தெளிந்தது.

முதல் பகுதியாகப் படுக்கையறையையே எடுத்துக்கொண்டேன். அன்றிரவு ராஸ் முதல் பாய்ச்சலிலேயே உள்ளே போனது. நான் விளக்கில்லாத தொட்டி முன்னால் ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தேன் என்பதை ஆய்வறிக்கையில் எழுதக்கூடாதுதான்.

இரண்டாம் பகுதியில் அவசரப்பட்டேன். கை பழகிவிட்டது என்ற தைரியத்தில், மூன்றாம் பகுதியின் பாதியையும் சேர்த்து அள்ளிவிட்டேன். மறுநாள் அம்மோனியா டெஸ்டில் மெல்லிய பச்சை. 0.25 பிபிஎம்முக்கும் கீழேதான், ஆனால் அந்தத் தொட்டியில் தொடக்கத்தில் நுண்ணுயிர்கள் நிலைகொண்ட சுழற்சிக்குப் பிறகு நான் பார்க்காத நிறம். இரண்டு நாள் உணவைப் பாதியாக்கி, ஒரு கூடுதல் தண்ணீர் மாற்றம் செய்ததும் அடங்கியது. அடுத்த பகுதிக்கு மூன்று வாரம் காத்திருந்தேன்.

நான் எதிர்பார்க்காதது ஆல்கலினிட்டி, அதாவது நீரிலுள்ள கார்பனேட்டின் அளவு. டிகேஹெச் என்ற அலகில் 8.6 இருந்தது நான்கே நாளில் 7.4. பவளங்கள் திடீரென்று இவ்வளவு சாப்பிட வழியில்லை. விஷயம் இதுதான்: நிறைவுக்கு மேல் கால்சியம் கார்பனேட் சுமக்கும் நீரில் புத்தம்புதிய அரகோனைட் பரப்பைக் கொட்டினால், அந்தப் பரப்பிலேயே கார்பனேட் படியத் தொடங்கும். மணல் கொடுக்கும் என்று பாக்கெட் சொல்கிறது, முதல் வாரம் அது எடுத்துக்கொள்கிறது! நாளாக ஆக மெக்னீசியமும் பாஸ்பேட்டும் அங்ககப் பொருட்களும் மணிகளின் மேல் பூச்சாகப் படிந்து இந்த வேகத்தைத் தணித்துவிடும். மெக்னீசியத்தைப் பார்த்தேன், 1,250 பிபிஎம் இருந்தது, 1,350-க்கு ஏற்றினேன். ஆல்கலினிட்டியை ஒரே மூச்சில் தூக்காமல் நாளொன்றுக்கு அரை டிகேஹெச் வீதம் சரிசெய்தேன். அடுத்த பகுதிகளில் இறக்கம் தெரிந்தது, ஆனால் சிறிது.

மூன்றாவது பிசகு பழைய பாவத்தின் பலன். தொட்டி அமைத்த காலத்தில் முதலில் துண்டுகளைப் பரப்பி, அதன்மேல் பாறையை வைத்திருந்தேன். பாறை கண்ணாடி மேல் உட்கார வேண்டும், மணல் அதைச் சுற்றி வர வேண்டும். நான்காம் பகுதியில் அள்ளிக்கொண்டிருந்தபோது வலப்பக்கப் பாறை ஒரு விரல் அளவு சரிந்தது. கண்ணாடியில் படவில்லை, கோபியும் இறாலும் அதன் கீழ் இல்லை. கையால் தாங்கிக்கொண்டு, அடியில் இரண்டு தட்டைக் கற்களை முட்டுக்கொடுத்தேன். அதற்குப் பிறகு பாறைகளுக்கு நேர் கீழே உள்ள துண்டுகளைத் தொடுவதில்லை என்று முடிவெடுத்தேன். பாறைக்கோபுரத்தையே பிரித்தால்தான் அது முடியும், பிரித்தால் பவளங்களெல்லாம் இடம்பெயர வேண்டும். ஆகவே இன்றும் அங்கே கொஞ்சம் பழைய கிரஷ்டு கோரல் இருக்கிறது. நைட்ரேட்டின் ஒரு பங்கு அதிலிருந்து வருகிறது என்றுதான் நினைக்கிறேன்.

அதன் பிறகு

கடைசிப் பகுதி முடிந்து பத்து வாரத்தில் நைட்ரேட் 15-க்கு வந்து நின்றது. தாடைக் கீறல் திரும்ப வரவில்லை. மூன்று வாரம் போலப் புதுமணல் மேல் பழுப்புப் படலம் வந்தது. சிலிக்கா இல்லாத மணலிலும் டயாட்டம் வரும் என்பதற்கு இதுவே சாட்சி. துடைத்துக்கொண்டிருக்காமல் விட்டுவிட்டேன், தானாகப் போனது. ஐந்து நசாரியஸ் நத்தைகளை விட்டேன். பகலெல்லாம் மணலுக்குள் கிடந்து, உணவு வாசனை வந்ததும் தும்பிக்கையை நீட்டிக்கொண்டு எழுந்து வருகின்றன. கிரஷ்டு கோரலில் இவற்றால் புதையவே முடிந்திருக்காது.

மணல் நட்சத்திரமீன் ஒன்று வாங்கச் சொன்னார்கள், மணலை நன்றாகச் சலிக்கும் என்று. சலிக்கும்தான். மணலிலுள்ள சிற்றுயிர்களை எல்லாம் தின்று தீர்த்துவிட்டு, இந்த அளவுத் தொட்டியில் சில மாதங்களில் பட்டினியால் சாகும். வாங்கவில்லை.

வலப்பக்க வேவ்மேக்கருக்கு எதிரே உள்ளங்கை அளவுக்குக் கண்ணாடி தெரியத் தொடங்கியது. கிண்ணச் சோதனையில் நின்ற மணல்தானே என்று குழம்பினேன். கிண்ணத்தின் விளிம்பு ஓட்டத்தைத் தடுத்திருக்கிறது என்பது பிறகுதான் உறைத்தது. வேவ்மேக்கரின் முகத்தை நீர்மட்டத்தை நோக்கிச் சற்றுத் திருப்பியதும் குழி மெல்ல மூடிக்கொண்டது. ஆல்கலினிட்டி மருந்து சொட்டும் இடத்துக்கு நேர் கீழே மட்டும் மணல் ஒரு கட்டியாக இறுகியிருந்தது. உடைத்து எடுத்தேன், சொட்டும் குழாயைச் சம்புக்குள் மாற்றினேன்.

இப்போது பராமரிப்பு இவ்வளவுதான்: வாராவாரம் 3 செ.மீ. பகுதியில் கால்பங்கை மட்டும் சைஃபன் செய்கிறேன், மாதத்தில் ஒரு சுற்று முடிந்துவிடும். படுக்கையறையை ஆழமாகக் கிளறுவதில்லை, தினமும் இரண்டு வேளை ராஸே அந்த வேலையைச் செய்கிறது. கண்ணாடியின் பக்கவாட்டில் மணல்மட்டத்துக்கு ஒரு பென்சில் கோடு போட்டு வைத்திருக்கிறேன். சைஃபனோடு கொஞ்சம் போவதால் மட்டம் கோட்டுக்குக் கீழே இறங்கும்போது, மீந்த 2 கிலோவிலிருந்து ஒரு குவளை கழுவிப் போடுகிறேன்.

சமீபத்தில் ஒரு ஜாஃபிஷ் மேல் கண் விழுந்தது. வளையிலிருந்து நிமிர்ந்து நின்று எட்டிப் பார்க்கும் அந்த மஞ்சள் தலையைப் பார்த்தால் யாருக்கும் ஆசை வரும். அதற்குச் செங்குத்தாக வளை தோண்ட 10 முதல் 15 செ.மீ. ஆழம், பொடிமணலும் நொறுக்கும் கலந்த தரை வேண்டும். ஒரு மூலையில் அக்ரிலிக் தடுப்பு வைத்து மணலை உயர்த்தலாமா என்று ஸ்கேலை எடுத்துக்கொண்டு அளந்தேன். மிச்சமிருக்கும் ஒரே மூலை வேவ்மேக்கருக்கு நேர் எதிரே இருக்கிறது. ஸ்கேலை மேசை இழுப்பறையில் திரும்ப வைத்துவிட்டேன்.